நாற்பது நிமிடம், முழுசாக: கிளாசிக் ஆல்பங்களைக் கேட்கத் தொடங்குபவருக்கு

அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் 2003இல் தலைசிறந்த 500 ஆல்பங்களைப் பட்டியல் போட்டபோது முதலிடத்தில் இருந்தது பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்'. 2020இல் அதே இதழ் புதிதாக வாக்கெடுத்தது. பெப்பர் 24ஆம் இடத்துக்கு இறங்கியது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்தில் ஏறி உட்கார்ந்தது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் இரண்டு ஆல்பங்களிலும் ஒரு சுரம்கூட மாறவில்லை. வாக்களித்தவர்கள் மாறியிருந்தார்கள்.

இசை படிக்காத, வேலைக்கும் பயணத்துக்கும் நடுவே பாட்டுக் கேட்கிற ஒருவருக்கு இதைவிடத் தெம்பான செய்தி இல்லை. நிபுணர்களின் வரிசையே இப்படி இடம் மாறுகிறது என்றால், புதிதாகக் கேட்பவரின் காதுக்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறது. ஆனால் பலரும் அந்தக் காதைப் பயன்படுத்துவதற்கு முன்பே விமர்சனங்களைப் படித்துவிடுகிறார்கள். ஆல்பம் ஓடும்போது காதில் விழுவது இசை பாதி, படித்த பாராட்டு பாதி. தனக்கு என்ன தோன்றியது என்பதை மற்றவர் கருத்து வந்து மூடுவதற்குள் பிடித்து வைப்பதுதான் கீழே சொல்லப்படும் முறையின் நோக்கம்.

தமிழ்க் கேட்பாளருக்கு இதில் இன்னொரு பழக்கமும் குறுக்கே நிற்கும். நம்முடைய பாட்டுகள் பெரும்பாலும் படத்துக்காகப் பிறந்தவை. ஐந்து நிமிடத்தில் தனியாக முடிந்துவிடுபவை. கேசட் காலத்தில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம் என்று வாங்கியவர்கள் நாம். முதல் பாட்டு ஏன் முதலில் வருகிறது, கடைசிப் பாட்டு ஏன் கடைசியில் வருகிறது என்று யோசித்து அடுக்கிய நாற்பது நிமிடத்தைக் கேட்பது ஒரு புதுப் பழக்கம். அதைப் பழகிக்கொள்ளலாம், கடினமில்லை.

மூன்றே மூன்றில் தொடங்குங்கள்

500 பட்டியலை ஒன்றிலிருந்து வரிசையாகக் கேட்கத் தொடங்குபவர்கள் பாதி வழியில் களைத்துப்போவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று ஆல்பங்கள் போதும். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' (1959), மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' (1971), பிங்க் ஃபிளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) ஆகியவை நல்ல மூன்று. முதலாவது ஜாஸ், பாட்டு வரிகளே கிடையாது. இரண்டாவது கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசை. மூன்றாவது இங்கிலாந்து ராக்.

மூன்றும் அளவில் சிறியவை. கேயின் ஆல்பம் ஏறக்குறைய 35 நிமிடம், மற்றவை 43, 45 நிமிடம். கொலம்பியா நிறுவனம் 1948இல் கொண்டுவந்த எல்.பி. இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்தை ஒட்டித்தான் நல்ல ஒலியோடு பதிய முடிந்தது. அந்த எல்லைதான் இந்த ஆல்பங்களின் உடலை வடிவமைத்தது. கேப்டன் பீஃப்ஹார்ட்டின் 'டிரௌட் மாஸ்க் ரெப்ளிகா' (1969) போன்ற 28 துண்டுகள் கொண்ட இரட்டைத் தட்டுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதத்திலேயே அதை எடுப்பவர் ஆல்பம் கேட்பதையே விட்டுவிடக்கூடும்.

கருவியைச் சரிசெய்யுங்கள்

செயலியில் ஷஃபிளை அணைக்க வேண்டும். ஆல்பம் முடிந்ததும் தானாக வேறெதையோ ஓடவிடும் ஆட்டோபிளேயையும் அணைக்க வேண்டும். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் ஓடுகிறதா என்பதைப் பார்ப்பது இன்னும் முக்கியம். 'டார்க் சைட்' ஆல்பத்தில் ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையோடு சேர்ந்திருக்கிறது. அரை நொடி மௌனம் விழுந்தாலும் அந்தச் சேர்க்கை அறுந்துவிடும். நடுவில் விளம்பரம் வரும் காணொளியில் இதைக் கேட்பது வீண்.

எந்தப் பதிப்பு என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. புதிய பதிப்புகளில் கூடுதல் பதிவுகளை ஒட்டிவைத்திருப்பார்கள். 'கைண்ட் ஆஃப் புளூ' 1959இல் வந்தபோது ஐந்தே உருப்படிகள். பல மறுபதிப்புகளில் ஐந்தாவதான 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' இன்னொரு முறையும் வரும். முதல் தடவை ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த ஆல்பத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதல் நாள் பதிவில் டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், தட்டின் முதல் பக்கம் முழுவதும் சுருதி கொஞ்சம் ஏறி ஒலித்தது. 1992இல் வந்த மறுபதிப்பில்தான் அதைத் திருத்தினார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் உலகம் அந்த ஏறிய சுருதியைத்தான் காதலித்துக்கொண்டிருந்தது!

கைபேசியின் சின்ன ஒலிபெருக்கி மட்டும் வேண்டவே வேண்டாம். கேயின் ஆல்பத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசிக்கும் பாஸ் கிட்டார்தான் பாதி உயிர். அந்தத் தாழ்ந்த ஒலிகளைக் கைபேசியால் எழுப்ப முடியாது. சுமாரான ஹெட்ஃபோன் போதும். ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் தடவை: தீர்ப்பு எழுதாதீர்கள், குறிப்பு எழுதுங்கள்

ஆல்பம் வந்த ஆண்டு, வாசித்தவர்களின் பெயர்கள். ஓடவிடுவதற்கு முன் தெரிய வேண்டியது இவ்வளவுதான்.

கேட்கும்போது நோட்டில் இடது ஓரத்தில் நிமிடம், வலது பக்கம் நடந்தது என்ன என்று எழுதிவரலாம். அழகான வாக்கியம் தேவையில்லை. 'டார்க் சைட்' ஆல்பத்தில் 'டைம்' தொடங்குகிறபோது ஒரு கடை நிறையக் கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அலறும். ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழங்காலக் கடிகாரக் கடை ஒன்றில் பதிந்துவந்த ஒலிகள் அவை. அந்த இடத்தில் புதிதாகக் கேட்பவரின் நோட்டில் 'தூக்கிவாரிப் போட்டது' என்று இருந்தால் அது சரியான குறிப்பு. 'எரிச்சல்' என்று இருந்தாலும் சரியான குறிப்புதான். 'கவனம் போய்விட்டது, மின்கட்டணம் நினைவுக்கு வந்தது' என்பதும் பயனுள்ள தகவலே. அடுத்த முறை கேட்கும்போது அதே நிமிடத்தில் கவனம் போகிறதா என்று பார்க்கலாமே.

'கைண்ட் ஆஃப் புளூ' தொடங்கும்போது பலருக்கும் ஒரு தவிப்பு வரும். பியானோவும் பாஸும் ஏதோ முணுமுணுக்கின்றன. பல்லவி எப்போது வரும் என்று காது காத்திருக்கிறது. வருவதில்லை. பிறகு பால் சேம்பர்ஸின் பாஸ் ஒரு சிறு வரியைக் கேள்விபோல் எழுப்ப, பில் எவன்ஸின் பியானோ இரண்டே அடியில் பதில் சொல்கிறது. அடுத்த சுற்றில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோன்களும் சேர்ந்து அதே பதிலைச் சொல்கின்றன. 'ஸோ வாட்' என்ற உருப்படியின் கட்டுமானம் மொத்தமும் இந்தக் கேள்வி பதில்தான். இது பிடிபடாமல் போனாலும் நஷ்டமில்லை. 'எதற்காகவோ காத்திருந்தேன்' என்று எழுதி வைத்துக்கொண்டால் இரண்டாம் தடவை அந்த இடம் தானாகத் திறக்கும்.

நடுவில் ஒரு முறை நிறுத்தியாக வேண்டும். இசைத்தட்டு என்றால் எழுந்துபோய்த் திருப்பிப் போடுவார்கள். அந்த இடைவெளியை நம்பியே பக்கங்களை அமைத்தார்கள். 'டார்க் சைட்' முதல் பக்கம், கிளேர் டோரி என்ற பாடகி ஒரு சொல்கூட இல்லாமல் குரலாலேயே கதறி, தணிந்து, அடங்கும் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'யோடு முடிகிறது. அடுத்த பக்கம் கல்லாப்பெட்டிச் சத்தத்தோடு 'மனி' தொடங்குகிறது. இரண்டையும் ஒட்டிக் கேட்டால் முதலாவதின் கனம் கலைந்துவிடும். எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

முடிந்ததும் மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுத வேண்டும்: எந்த இடத்தை உடனே திரும்பக் கேட்கத் தோன்றியது, எங்கே சலித்தது, எந்த ஒலி என்னவென்றே புரியவில்லை. மதிப்பெண் வேண்டாம்.

இரண்டாம் தடவை: ஒருவரை மட்டும் பின்தொடருங்கள்

ஓரிரு நாள் கழித்து அதே ஆல்பம். இம்முறை ஒரு வாத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கேயின் ஆல்பத்தில் ஜேமர்சனின் பாஸைப் பிடித்தால், மேலே குரல் நிதானமாகப் பாடிக்கொண்டிருக்கும்போது கீழே அவர் எவ்வளவு அலைகிறார் என்பது தெரியும். இன்னொரு முறை கேயின் குரலையே பின்தொடர்ந்தால், அது ஒரு குரலல்ல, அவரே இரண்டு தடவை பாடியது ஒன்றோடொன்று பின்னிவருகிறது என்பது புலப்படும்.

இந்தக் கட்டத்தில் தமிழ்க் காதுக்குச் சில சாதகங்கள் உண்டு. கர்நாடக சங்கீதக் கச்சேரி கொஞ்சம் கேட்டவர் 'ஸோ வாட்' உருப்படியை நெருங்குவது எளிது. அதில் பயன்படும் டோரியன் என்ற ஸ்வர வரிசை நம் கரகரப்ரியா மேளத்தின் அதே ஏழு ஸ்வரங்கள். முதல் 16 அளவுகள் (பார்) நமது கணக்கில் இரண்டு கட்டை. அடுத்த எட்டு அளவுகள் இரண்டரைக் கட்டைக்கு ஏறும். கடைசி எட்டு மறுபடி இரண்டு கட்டைக்கு இறங்கும். இந்த 32 அளவுச் சுற்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொருவராக அதன்மேல் வாசிக்கிறார்கள். அரைக் கட்டை ஏறுகிற கணத்தைப் பிடித்துவிட்டால் போதும், ஒன்பது நிமிட உருப்படி வழிதெரியாத காடாக இருக்காது. கமகம் இல்லாததால் ராகமாக ஒலிக்காது. ராகத்தைத் தேடினால் ஏமாற்றம்தான்; சுற்றைத் தேட வேண்டும்.

'மனி' பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டுப் பாருங்கள். எட்டு எண்ணினால் இடறும், ஏழு எண்ணினால் சேரும். மிஸ்ர சாபு கேட்டுப் பழகியவருக்கு ஏழு அந்நியமல்ல. சாக்ஸபோன் தனி வாசிப்பு முடிந்து கிட்டார் நுழைகிற இடத்தில் ஏழு நான்காக மாறும். அந்த மாற்றத்தைக் கை உணர்ந்தபின் முதல் தடவை அங்கே ஏன் உடம்பு தளர்ந்து சுகமாக இருந்தது என்பதும் விளங்கும்.

கதையைப் பிறகு படியுங்கள்

இரண்டு தடவை கேட்டபின் பின்னணியைத் தாராளமாகப் படிக்கலாம். பாட்டு வரிகளையும் அப்போது பார்ப்பதே நல்லது. கேயின் தம்பி ஃபிராங்கி வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து சொன்னவை அந்த ஆல்பத்துக்குள் இருக்கின்றன. தலைப்புப் பாட்டு விற்காது என்று அவரது இசைத்தட்டு நிறுவனமான மோடவுனின் நிறுவனர் பெரி கோர்டி தயங்கினார். 1971 ஜனவரியில் தனித்தட்டாக வந்து வெற்றி பெற்றபின்தான் முழு ஆல்பத்துக்கு வழி பிறந்தது. 'டார்க் சைட்' ஆல்பத்தில் பாடிய கிளேர் டோரிக்கு அன்றைய பதிவுக்குக் கிடைத்தது 30 பவுண்டு. 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார், மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது, அதன்பின் அந்தப் படைப்பில் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ரைட்டுடன் அவர் பெயரும் சேர்ந்தது. சொல்லில்லாமல் பாடியது எவ்வளவு பெரிய இசையமைப்பு என்பதை நோட்டில் தானே முன்பு எழுதியவருக்கு இந்தச் செய்தி வேறு விதமாகப் படும்.

கதை இசையை விளக்குகிறதா, வெறுமே இசைக்கு ஒளிவட்டம் போடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கீத் ஜேரட் 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியில் வாசித்த 'த கொலோன் கான்சர்ட்' பற்றிய கதை விளக்குகிற வகை. அவர் கேட்ட பியானோ வரவில்லை; கிடைத்த சிறிய பியானோவின் மேல் ஸ்தாயி தகரம்போல் ஒலித்தது, கீழ் ஸ்தாயிக்குக் கனமில்லை. அவர் நடுப்பகுதியிலேயே தங்கி, இடது கையால் ஒரே வடிவத்தை விடாமல் திரும்ப வாசிக்கிறார். இது தெரிந்தபின் கேட்டால் அந்தத் திரும்பல்கள் புரிகின்றன. இசைக்கலைஞர்களின் மணமுறிவு, சண்டை, போதைப் பழக்கம் பற்றிய பெரும்பாலான கதைகளுக்கு இந்தப் பயன் கிடையாது.

பிடிக்கவில்லை என்றால்

மூன்று தடவை கேட்டும் ஒட்டவில்லையா? எடுத்து வைத்துவிடலாம். யாரும் கடன்பட்டிருக்கவில்லை. எது ஒட்டவில்லை என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதி வைப்பது பயன்தரும். பாடுபவரின் குரலா, ஒலிப்பதிவின் தன்மையா, பொருளா? பீச் பாய்ஸ் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' (1966) நெரிசலாக ஒலிக்கிறது என்று ஒருவர் எழுதினால், அதற்குக் காரணம் இருக்கலாம்: ஒரு காது ஏறக்குறைய கேளாத பிரையன் வில்சன் அதை மோனோவில்தான் அமைத்தார். ஸ்டீரியோ வடிவம் 1997இல்தான் வந்தது. அதைப் போட்டுப் பார்த்தால் அதே பாட்டுகள் விரிந்து கேட்கும். குறை ஆல்பத்திலா பதிப்பிலா என்று அப்போது தெரிந்துவிடும்.

வீட்டில் இன்னொருவரோடு சேர்ந்து கேட்பதானால் முடியும்வரை பேச்சு வேண்டாம். பிறகு நோட்டை மாற்றிப் படியுங்கள். ஒருவர் 'சலிப்பு' என்று எழுதிய அதே நிமிடத்தில் மற்றவர் 'திரும்பக் கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தால், அந்த ஒரு நிமிடத்தை மட்டும் இருவரும் மீண்டும் கேட்கலாம். ஆல்பத்தைப் பற்றிய மிக நல்ல உரையாடல் அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது எது?

பட்டியலுக்குத் திரும்ப வேண்டாம். ஆல்பத்தின் உறையில் இருக்கும் பெயர்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகலாம். 'கைண்ட் ஆஃப் புளூ' கேட்டவருக்குப் பில் எவன்ஸின் பியானோ பிடித்திருந்தால் 1961இல் அவர் மூவர் குழுவாக வாசித்த 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்'. ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோன் பிடித்திருந்தால் 1965இல் வந்த 'எ லவ் சுப்ரீம்'. நான்கே பகுதி, 33 நிமிடம். இந்திய இசையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த கோல்ட்ரேன், ரவிசங்கரின் பெயரையொட்டித் தன் மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார்.

அந்த இழையைப் பிடித்துக்கொண்டே போனால் 1976இல் வந்த 'ஷக்தி' வரும். கிட்டாரில் ஜான் மெக்லாஃப்லின், வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், மிருதங்கத்தில் ஆர். ராகவன், கடத்தில் விக்கு விநாயக்ராம். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் மேடையிலேயே பதிந்த ஆல்பம் அது. முதல் உருப்படி 'ஜாய்' பதினெட்டு நிமிடம் ஓடும். முதல் தடவையில் மூச்சு வாங்கும், இரண்டாம் தடவை கடத்தை மட்டும் பின்தொடருங்கள். அங்கிருந்து, தியாகராஜருக்கும் பாஹுக்கும் இளையராஜா காணிக்கையாக்கிய 'ஹவ் டு நேம் இட்?' (1986) ஒரு எட்டுத்தான். படமில்லை, பாட்டு வரியில்லை, வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் நிற்கிறது. அதன் துண்டுகளை ஏற்கெனவே எங்கெங்கோ கேட்டிருப்பீர்கள். இம்முறை முதலிலிருந்து கடைசிவரை, வரிசை மாறாமல், நோட்டோடு கேளுங்கள்.