ஈட்டியின் மடம்



ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான்: "சாமி, சேசுநாதர் சுவாமியின் விலாவைக் குத்தின ஈட்டி இப்போது எங்கே இருக்கிறது?" உரோமாபுரியில் அர்ச். இராயப்பர் பேராலயத்தில் ஒன்று உண்டு, வியன்னாவில் ஒன்று, அர்மேனியா தேசத்தில் ஒன்று என்றேன். "அப்படியானால் எது மெய்?" என்றான். நல்ல கேள்விதான். இதுதான் மெய் என்று நம்பும்படி திருச்சபை ஒருவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த மூன்றாவது ஈட்டி பல காலம் தங்கியிருந்த மடத்தின் சரித்திரம் அறியத்தக்கது.

அர்மேனியர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். பரங்கிமலைக்கு நீங்கள் ஏறிச் சென்ற கற்படிகளை 18-ம் நூற்றாண்டில் கட்டுவித்த பெத்ருஸ் உஸ்கான் அந்த ஜாதியாரே. தங்கள் அரசன் கி.பி. 301-ல் சத்திய வேதத்தைத் தழுவினான் என்று அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவனை மனந்திருப்பிய அர்ச். கிரகோரியார், அசாத் நதி பாயும் மலையிடுக்கில், ஊற்றுள்ள ஒரு குகையருகே இந்த மடத்தை ஸ்தாபித்தார் என்பது பாரம்பரியம். யெரெவான் நகரிலிருந்து அது ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம். முதலில் அதன் பெயர் ஐரிவாங்க், அதாவது குகை மடம். 923-ல் அரபு கலீபாவின் பிரதிநிதி நஸ்ர் என்பவன் அதைக் கொள்ளையிட்டுக் கொளுத்தினான். அரிய ஏடுகளும் போயின. அந்தப் பழைய கட்டடங்களில் இன்று ஒன்றும் மிச்சமில்லை.

இப்போது காணும் பெரிய கோவில் 1215-ல் எழுந்தது. செதுக்கிய கல்லால் கட்டியது. உச்சியில் கூம்புக் கூரை. இவ்விதக் கோவில்கள் அர்மேனியாவில் பல உண்டு. ஆகையால் அங்கே தாமதியாமல், அதையொட்டிய மலைக்குள் நுழைவோம்.

தேசம் மங்கோலியரின் கையில் சிக்கியிருந்த காலம் அது. 1240-க்குப் பின், ஊற்றிருந்த பழைய குகையைக் கால்ட்ஸாக் என்னும் சிற்பி கோவிலாகக் குடைந்தார். மற்றக் குகைக் கோவில்களும் கல்லறை மண்டபங்களும் அவர் கைவேலையே. எல்லாம் முடிய ஏறக்குறைய 40 வருஷம் சென்றது.

கொத்தனார் வீடு கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள். கல்மேல் கல் வைக்கிறார்; கோணினால் எடுத்துவிட்டு மறுபடி வைக்கிறார். இங்கேயோ வைப்பது என்பதே இல்லை, எடுப்பது மாத்திரமே. தூண் என்பது நிறுத்தினது அல்ல, வெட்டாமல் விட்டது. உளி ஒரு விரற்கடை அதிகமாய் இறங்கிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க வழி ஏது? இன்னொரு விநோதமும் உண்டு. கட்டின கோவிலில் கூரையின் பாரத்தை வளைவுகள் தாங்கவேண்டும். மலைக்குள்ளே பாறையே தன்னைத் தாங்கிக்கொள்ளும். அப்படியிருந்தும் கால்ட்ஸாக் குறுக்கும் நெடுக்குமாக வளைவுகளைப் பாறையிலேயே செதுக்கி வைத்தார். உள்ளே வருகிறவன் குகையில் அல்ல, கோவிலில் நிற்பதாக உணரவேண்டும் என்று எண்ணினார் போலும்.

மடத்தை விலைக்கு வாங்கிய புரோஷ் பிரபுவின் வம்சத்தாருக்கு 1283-ல் கல்லறை மண்டபம் முடிந்தது. அதன் சுவரில் சங்கிலியால் பிணைத்த இரண்டு சிங்கங்கள். கீழே ஆட்டுக்குட்டியைப் பற்றிய கழுகு. வேதாகமத்தில் இக்காட்சியைத் தேடவேண்டாம், அது குடும்ப முத்திரை என்பர். 1288-ல் அதற்கும் மேலே இன்னொரு மண்டபம் குடைந்தார்கள். நான்கு பருத்த தூண்கள். தரையில் ஒரு துவாரம், அதன் வழியே கீழுள்ள கல்லறையைக் காணலாம். அங்கே ஒருவர் பாடினால், பாடி முடித்த பின்னும் நாதம் அடங்க நேரமாகும்.

அர்ச். ததேயு கொண்டுவந்ததாகச் சொல்லும் அந்த ஈட்டியால் மடத்துக்குக் கெகார்ட் என்ற பெயர் நிலைத்தது. கெகார்ட் என்றால் ஈட்டி. ஈட்டி இப்போது எச்மியாட்சின் நகரப் பொக்கிஷசாலையில் இருக்கிறது. மடத்தில் பாறைக் கோவில்கள் நிற்கின்றன, ஊற்று இன்னும் ஓடுகிறது. பிரபுக்களுக்குக் கல்லறையும் முத்திரையும் உண்டு. கால்ட்ஸாக்கின் பெயரோ, முதலில் குடைந்த கோவிலின் விதானத்தடியில், மாதுளம்பழச் சிற்பங்களின் அருகே வெட்டப்பட்டிருக்கிறது.