சென்னைக்கு வந்த ஐரிஷ் அங்கத்தினர்

பாபநாசத்தில் பொதியமலையினின்று வீழும் தாமிரவருணி நீர், 1885-ஆம் ஆண்டு முதல் ஹார்வி நூற்பாலையின் சக்கரங்களைச் சுழற்றியது. அருவி நம்முடையது; உழைத்த கைகளும் நம்முடையவை. ஆயின், இந்திய ஆலைகளின் நூலுக்கு வரி எவ்வளவு என்று முடிவு செய்யும் அதிகாரம் கடலுக்கு அப்பால் இருந்தது. அவ்வதிகாரம் வீற்றிருந்த பார்லிமெண்டின் அங்கத்தினராயிருந்தும், இந்தியர் பக்கம் நின்ற ஐரிஷ்காரர் ஒருவரின் வரலாறு நாம் அறியத்தக்கது.

அவர் பெயர் ஆல்பிரட் வெப். 1834-இல் டப்ளின் நகரில் பிறந்தவர், அச்சுத்தொழிலினர், குவேக்கர் சபையார். அடிமைத்தனத்தை எதிர்த்த அவர்தம் தந்தையார், தளையினின்று தப்பிய பிரடெரிக் டக்ளஸ் எழுதிய தன்வரலாற்றை 1845-இல் டப்ளினில் அச்சிட்டு வெளியிட்டார். அவ்வில்லத்தில் வளர்ந்த வெப், 1890-இல் மேற்கு வாட்டர்போர்டுத் தொகுதியின் பிரதிநிதியாய்க் காமன்ஸ் சபையுட் புகுந்தார்.

அச்சபையின் 670 இடங்களுள் ஐர்லாந்துக்கு உரியவை 103. இந்தியாவுக்கோ ஓரிடமும் இல்லை. 1892-இல் தாதாபாய் நௌரோஜி அங்கத்தினரானதும் லண்டன் வாக்காளரின் தயவினாலேயே. 1893-இல் காமன்ஸ் சபை ஏற்ற ஐரிஷ் சுயாட்சி மசோதாவைப் பிரபுக்கள் சபை 419-க்கு 41 என்ற வாக்குகளால் தள்ளியது. அவ்வாண்டிலேயே, ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்னும் தீர்மானம் காமன்ஸ் சபையில் 84-க்கு 76 என வென்றது. எனினும், 1922 வரை அது கைகூடவில்லை. வாக்கில் வென்றும் காரியத்தில் தோற்கலாம் என்பதை இரு நாடுகளும் ஒரே ஆண்டில் கண்டன.

1894 டிசம்பரில் சென்னையில் கூடிய பத்தாவது காங்கிரஸ் மகாசபைக்கு வெப் அக்கிராசனம் வகித்தார். யூல், வெட்டர்பர்ன் ஆகியோருக்குப் பின் அவ்விருக்கையில் அமர்ந்த மூன்றாவது இந்தியரல்லாதார் அவரே. அதே மாதத்தில், இந்திய ஆலைகளில் நூற்கும் 20-ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கு நூற்றுக்கு 5 வீதம் வரி விதிக்கப்பட்டது. இறக்குமதித் துணிக்கு வரி வரவே, லங்காஷயர் ஆலைக்காரர் மனம் நோகாதிருக்கச் செய்த ஈடு இது. மகாசபை இதனைக் கண்டித்தது. 1699-இல் ஆங்கிலப் பார்லிமெண்டு ஐரிஷ் கம்பளித்துணியின் பிறநாட்டு ஏற்றுமதியைத் தடுத்திருந்தது. அவ்வரலாறுடைய நாட்டினர் ஒருவர் இக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கியது பொருத்தமேயன்றோ?

கண்டனத்தால் வரி நீங்கிற்றா? இல்லை. 1896-இல் அது நூலை விட்டு ஆலைத்துணியைப் பற்றியது, 1926-இலேயே ஒழிந்தது. வெப் 1895-இல் பார்லிமெண்டை விட்டு விலகி, 1908-இல் மறைந்தார்.

அங்ஙனமாயின் அவர் உழைப்பு வீணோ? அன்று. 'எங்கட்கு யாரும் சொல்லவில்லை' என்று ஆள்வோர் பின்னாளில் கூற இயலாதபடி, அநீதியை அதன் பெயர்சொல்லிப் பதிவு செய்வதும் ஒரு செயலே. நம் சொற்போர் மன்றங்களில் உயர்ந்த கைகளை எண்ணி வெற்றியை அறிவிக்கின்றோம். உயராத கைகளின் பக்கம் நியாயம் இருத்தல் கூடும் என்பதையும் அவ்வமயம் நினைவிற் கொள்வோமாக.