நரம்பின் தூதுவர்

தாம்பரத்தை அடுத்துள்ள செம்பாக்கம் ஏரியை உடைய ஊர். இத்தகைய ஊர்களில், மழைக்காலத்து இரவுகளில் கட்டுவிரியன் இரை தேடி வீட்டினுள் நுழைதலும் உண்டு. தரையில் பாய் விரித்து உறங்குவோரை அது தீண்டினால், பெரும்பாலும் வலியோ வீக்கமோ தோன்றுவதில்லை. சில மணி நேரத்தில் இமைகள் சரிகின்றன, நாக் குழறுகிறது, இறுதியில் மூச்சும் தடைப்படுகிறது. இமையை உயர்த்த உள்ளம் ஏவுகிறது, இமையோ உயர்வதில்லை. ஏவலுக்கும் செயலுக்கும் இடையே நேர்ந்தது யாது? அதனை அறிய, நரம்பு செய்தி அனுப்பும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

மூளையின் ஏவல் நரம்பின் வழியே மின்துடிப்பாக விரைகிறது. ஆயினும், நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. இரண்டிற்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. அதனைக் கடப்பது எது? 1921ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி என்னும் அறிஞர் தவளையின் இதயங்கள் இரண்டைக் கொண்டு ஆராய்ந்தார். ஒன்றின் நரம்பைத் தூண்டவே, அதன் துடிப்புத் தளர்ந்தது. அவ்விதயத்தில் இருந்த நீர்மத்தை மற்றொன்றில் செலுத்தினார், அதுவும் தளர்ந்தது. செய்தியைச் சுமந்து சென்றது ஒரு வேதிப்பொருளே என்பது தெளிவாயிற்று. அசிட்டைல்கோலின் என்பது அதன் பெயர். நம் தசைகளை இயக்கும் நரம்புகளுக்கும் அதுவே தூதுவன்.

உழவர் நெல்லை மூட்டைகளாகக் கட்டி வைப்பதுபோல, நரம்பு முனை இப்பொருளை நுண்பைகளில் சேமித்து வைக்கிறது. ஒரு மில்லிமீட்டரை இருபதாயிரம் கூறுகளாக்கினால், ஒரு கூறின் அளவே ஒரு பை. எனினும், அதனுள் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் அடங்கும். மின்துடிப்பு முனையை அடைந்ததும் கால்சியம் உட்புகுகிறது. உடனே சில பைகள் முனையின் சவ்வோடு இணைந்து வாய் திறக்கின்றன. தூதுவர் இடைவெளியைக் கடந்து தசையை அடைய, தசை சுருங்குகிறது. பணி முடிந்த தூதுவரை ஒரு நொதி நொடிப்பொழுதிற்குள் சிதைத்து விடுகிறது. வெறும் பைகள் மீண்டும் நிரப்பப்படுகின்றன. தூதுப்பொருள் இவ்வாறு பொதி பொதியாகவே வெளிப்படுகிறது என்று காட்டிய பெர்னார்டு காட்சு, 1970இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.

நல்லபாம்பின் நஞ்சு, தசையில் தூதுவரை ஏற்கும் வாயில்களை அடைத்து விடுகிறது. கட்டுவிரியனின் நஞ்சோ களஞ்சியத்தையே தாக்குகிறது. பைகள் வறிதாகின்றன, நரம்பு முனையும் சிதைகிறது. மூளை எத்துணை முறை ஏவினும், எடுத்துச் செல்லத் தூதுவர் இல்லை.

இந்நஞ்சை முறிக்கும் மருந்துக்கு நஞ்சே மூலப்பொருள். 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அதனைத் திரட்டி, மருந்து செய்வோர்க்கு அளித்து வருகிறது. பாம்பின் இயல்பை வழிவழியாக அறிந்த இருளர் பெருமக்களின் உழைப்பால் பிழைத்த உயிர்கள் பல.

எனினும், ஓர் உண்மையை மறத்தலாகாது. நச்சுமுறி மருந்து குருதியில் உலவும் நஞ்சையே முறிக்கும். வறிதான பைகளை நிரப்பாது. சிதைந்த முனையைச் சீராக்காது. முனை மீண்டும் வளரும் வரை, பல நாள்கள் செயற்கைச் சுவாசக் கருவியே உயிரைக் காத்தல் வேண்டும். ஆதலின், பாம்பு தீண்டியதாக ஐயம் எழுந்தாலும், கீறுதலும் இறுகக் கட்டுதலும் மந்திரித்தலும் தவிர்த்து, உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும். வலியில்லை என்று வாளாவிருத்தல் கூடாது. களஞ்சியம் வறிதாகுமுன் காப்பதே அறிவுடைமை.