மெட்ரிகுலேஷனா, எஸ்.டி.பி.எம்.மா?



எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா பக்கம் நம்ம வீடுகளில் ஒரே கேள்விதான்: "மெட்ரிக் கிடைச்சிடுச்சா?" கிடைக்காத பிள்ளையைத் தோற்றுப்போன பிள்ளை மாதிரி பார்க்கிறார்கள். அந்த வெட்கத்தில் சிலர் அவசரமாகக் கடன் எடுத்துத் தனியார் கல்லூரிக்கு ஓடுகிறார்கள். நான் ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதியவன். இப்போது டுரியான் துங்காலில், மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறேன். என் அறைத் தோழன் மெட்ரிக் வழியாக வந்தவன். இரண்டு பேரும் உட்காருவது ஒரே விரிவுரையில்தான்.

1. இரண்டும் என்ன?

மெட்ரிகுலேஷன் கல்வி அமைச்சு நடத்தும் ஓராண்டுப் படிப்பு; இரண்டு செமஸ்டர். மலாக்கா கல்லூரி மஸ்ஜித் தானாவில், லொண்டாங்கில் இருக்கிறது. பொறியியல் பிரிவுக்கென்று கெடா, பகாங், ஜொகூரில் தனிக் கல்லூரிகள் உண்டு. தங்கிப் படிக்க வேண்டும்.

எஸ்.டி.பி.எம். மலேசியத் தேர்வு மன்றத்தின் தேர்வு. பழைய எச்.எஸ்.சி.க்குப் பதிலாக 1982-இல் வந்தது. 2012 முதல் மூன்று செமஸ்டராகப் பிரித்து நடத்துகிறார்கள்; சுமார் ஒன்றரை ஆண்டு. வீட்டிலிருந்தே போய் வரலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இதை ஏற்கின்றன. விரும்பினால் தமிழ்மொழியையும் ஒரு பாடமாக எடுக்கலாம்.

2. படிப்பின் வேகம்

மெட்ரிக் வேகமாக ஓடும். முதல் மாதம் பின்தங்கினால் பிடிப்பது கஷ்டம். ஆனால் விடுதி வாழ்க்கையும் ஆங்கில விரிவுரையும் முன்பே பழகிவிடும். இங்கே முதல் மாதம் நான் திணறியபோது என் தோழன் சாதாரணமாக இருந்தான்.

எஸ்.டி.பி.எம்.மில் பாடத்தைப் பங்கு போட்டுப் படிக்கிறோம். இயற்பியலில் முதல் செமஸ்டர் இயந்திரவியலும் வெப்பமும், இரண்டாவது மின்சாரமும் காந்தமும், மூன்றாவது அலை, ஒளி, நவீன இயற்பியல். கணிதம் 'தி'யில் இரண்டாம் செமஸ்டர் முழுக்க நுண்கணிதம். பொறியியல் முதலாண்டுக் கணக்கு வந்தபோது அதுதான் எனக்குக் கைகொடுத்தது. ஒரு தாள் சரியாக வராவிட்டால் மறுபடி எழுதவும் வாய்ப்பு உண்டு.

3. இடம் யாருக்கு?

இதை மறைக்காமல் பேசுவோம். மெட்ரிக்கில் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு 10 விழுக்காடு இடம்தான். 2024 ஜூனில் பிரதமர், 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுத்த எல்லா மாணவர்களுக்கும் இனம் பாராமல் இடம் தரப்படும் என்று அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் 7 ஏ, 8 ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளைக்குக் கடிதம் வரலாம், வராமலும் போகலாம். வராதது உங்கள் தகுதிக்குத் தீர்ப்பு இல்லை.

ஆறாம் படிவம் அப்படி இல்லை. தகுதி இருந்தால் இடம் உண்டு. பிறகு யு.பி.யு. வழியாக விண்ணப்பிக்கும்போது இரண்டு தரப்புக்கும் ஒரே கணக்கு: தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. இரண்டு தரப்புமே மூவெட் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும்.

4. அப்படியென்றால் எதை எடுப்பது?

வேகமாகப் படிக்க முடியும், உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகம்தான் இலக்கு என்றால் மெட்ரிக் நல்ல வழி. ஆழமாக, நிதானமாகப் படிப்பவர், வெளிநாட்டுக் கதவையும் திறந்து வைக்க நினைப்பவர் எஸ்.டி.பி.எம்.மை முதல் தேர்வாகவே எடுக்கலாம்; மிச்சம் மீதி என்று நினைக்க வேண்டாம்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள்: மெட்ரிக்குக்கு விண்ணப்பியுங்கள். ஆறாம் படிவம் தொடங்கும் நாளில் கடிதத்துக்காக வீட்டில் காத்திருக்காமல் போய் வகுப்பில் உட்காருங்கள். கடிதம் பிறகு வந்தால் அப்போது முடிவு செய்யலாம். இடைப்பட்ட வாரங்கள் வீணாகாது.

மன்றத்தில் கலந்து பேச:

அ. என் இலக்குப் படிப்பு எந்தப் பாடங்களைக் கேட்கிறது?
ஆ. நான் வேகமாகப் படிப்பவனா, நிதானமாகப் படிப்பவனா?
இ. வீட்டுச் செலவுக்கு எது தாங்கும்?

மூன்றுக்கும் பதிலை எழுதி அம்மா அப்பாவிடம் காட்டுங்கள். "மெட்ரிக் கிடைச்சிடுச்சா?" என்று அடுத்தவர் கேட்கும்போது, அவர்களே உங்களுக்காகப் பதில் சொல்வார்கள்.