கடவுச்சொல் சரிதான், ஆனாலும் மெயில் போகவில்லை

கேள்வி: அலுவலக டெபியன் சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவி, ஜிமெயில் ரிலே வழியாக மெயில் அனுப்பப் பார்க்கிறேன். இதே கடவுச்சொல்லோடு பிரவுசரில் உள்ளே போக முடிகிறது. சர்வர் லாகிலோ 535 என்றே வருகிறது. என்ன கோளாறு?

பதில்: 535 வந்தவரை நல்லதுதான். போர்ட், இணைப்பு எல்லாம் சரியாக இருப்பதால்தான் கூகுள் சர்வர் பதில் சொல்கிறது. போர்ட் அடைபட்டிருந்தால் ‘டைம்டு அவுட்’ என்று நின்றிருக்கும். இங்கே மறுக்கப்படுவது கடவுச்சொல் மட்டுமே.

சாதாரண ஜிமெயில் கடவுச்சொல்லை இப்படிப்பட்ட மென்பொருள்களிடமிருந்து வாங்குவதை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்குங்கள். இடைவெளி விடாமல் அதை கடவுச்சொல் கோப்பில் எழுதுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இதற்குப் பிறகுதான். கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது, ‘போஸ்ட்மேப்’ கட்டளையையும் ஓட்ட வேண்டும். இல்லையேல் பழைய கடவுச்சொல்லே போகும். ரிலேஹோஸ்ட் வரியில் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு 587 சேர்த்திருந்தால், கடவுச்சொல் கோப்பிலும் அச்சு அசலாக அப்படியே இருக்க வேண்டும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் கடவுச்சொல் அனுப்பப்படாது. பிழை 530 ஆக மாறும். கோப்பின் அனுமதியை 600 ஆக்குங்கள், அதில் இருப்பது உங்கள் கணக்கின் சாவி.

தேங்கிய மெயில்களைப் பற்றிக் கவலை வேண்டாம். இயல்பான அமைப்பில் போஸ்ட்ஃபிக்ஸ் அவற்றை 5 நாள்வரை வரிசையில் வைத்திருக்கும். ‘போஸ்ட்கியூ’ கட்டளையால் உடனே தள்ளிவிடலாம்.