ஓவியர் பிறந்த ஊர்

இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியில் ஸ்டூர் என்னும் ஆறு ஓடுகின்றது. அதனை அடுத்த கிழக்குப் பெர்கோல்ட் என்னும் சிற்றூரில், 1776ஆம் ஆண்டு ஜான் கான்ஸ்டபிள் என்னும் ஓவியர் பிறந்தார். அவ்வூரைக் காணச் செல்வோர் அங்கே உயர்ந்த மலையையோ பேரருவியையோ காணார். பசும்புல் வெளியும், மெல்ல நகரும் நீரும், முகில் தவழும் வானுமே அங்கு உள்ளன.

ஊரை அடுத்துள்ள பிளாட்போர்டு என்னும் இடத்தில், ஆற்றங்கரையில் ஒரு மாவாலை நிற்கின்றது. நீரின் விசையால் இயங்கிய அவ்வாலை ஓவியரின் தந்தையார்க்கு உரியதாய் இருந்தது. மகனும் தம் தொழிலையே மேற்கொள்ள வேண்டும் எனத் தந்தையார் விரும்பினார். மகன் சிலகாலம் அவ்வாறே உழைத்தார். எனினும் அவர் உள்ளம் ஓவியத்தையே நாடிற்று. தந்தையார் இசைந்தபின், 1799ஆம் ஆண்டு இலண்டன் சென்று ஓவியம் பயின்றார்.

நகரில் வாழ்ந்தும் அவர் பிறந்த மண்ணை மறந்திலர். ஆலையருகே, ஆழமற்ற நீரில் குதிரை பூட்டிய வண்டி நிற்கும் காட்சியை வரைந்து, 1821ஆம் ஆண்டு இலண்டனில் காட்சிக்கு வைத்தார். ‘வைக்கோல் வண்டி’ எனப்படும் அப்படத்தை அன்று வாங்குவார் இலர். 1824ஆம் ஆண்டு பாரிசு நகரில் அது பொற்பதக்கம் பெற்றது. இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் விளங்குகின்றது.

அப்படத்திற் காணும் வீடு இன்றும் நீரோரம் நிற்கின்றது. ‘இத்துணை எளிய இடமோ!’ என்று அங்குச் செல்வோர் வியப்பர். எளியது இடமே, அன்புடன் நோக்கிய கண்ணே அதனை உலகறியச் செய்தது. மாணவர்களே, நும் ஊரையும் அவ்வாறு நோக்குமின்.