குவியலுக்குள் கை விட்டுப் பாருங்கள்



நபி (ஸல்) அவர்கள் ஒரு முறை சந்தையில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். பார்வைக்கு நல்ல தானியம்தான். ஆனால் அவர்கள் பார்த்ததோடு நிற்கவில்லை. குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்வோருக்குக் கடும் எச்சரிக்கை விடுத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்தச் சம்பவத்தை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். கடையில் கணனி வைத்திருப்பவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு என்பதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

பச்சை விளக்கு சொன்ன பொய்

பட்டிப்பொலயில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. ஹோட்டன் சமவெளிக்கு அதிகாலையில் போகும் பிரயாணிகள் தேநீரும் பிஸ்கட்டும் வாங்குவார்கள். ஆனால் கடையைத் தாங்கி நிற்பது தோட்டத்துக் குடும்பங்களும் மரக்கறித் தோட்டக்காரர்களும்தான். சம்பள நாள் வரை கடன். கரட்டும் லீக்ஸும் விலைப்பட்டால் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவார்கள். வாப்பாவின் காலத்தில் இதெல்லாம் கொப்பியில் இருந்தது. நான் மாதக் கட்டணத்திற்கு ஒரு பில் மென்பொருள் எடுத்து, கொப்பியைக் கைவிட்டேன்.

அந்த மென்பொருள் கடைக் கணனியில் பில்லை எழுதி, இணையம் வழியாகக் கம்பனியின் சேர்வருக்கு அனுப்பும். இணையம் இல்லாத நேரம் பில்களைத் தன்னிடமே வைத்திருந்து பிறகு அனுப்பும். திரையின் மூலையில் ஒரு பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால் எல்லாம் சரி என்பது என் எண்ணம்.

ஒரு ஒக்டோபர் மழையில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்து, ஒரு நாள் கணனியின் ஹார்ட் டிஸ்க் அடியோடு போய்விட்டது. கணக்குகள் சேர்வரில் இருக்கின்றன என்ற தைரியத்தில் புதிய கணனி வாங்கிப் பூட்டினேன். திறந்து பார்த்தால் கடைசி 19 நாட்களின் கணக்கு இல்லை. பில்கள் அனுப்பப்படவே இல்லை. பச்சை விளக்கு காட்டியது மென்பொருள் திறந்திருக்கிறது என்பதை மட்டும்தான். பில் போய்ச் சேர்ந்ததா என்பதை அது பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அந்த 19 நாட்களுக்குள் ஒரு சம்பள நாளும் இருந்தது. நான் கொடுத்த கடன் அழிந்தால் நஷ்டம் எனக்கு. அவர்கள் கட்டிய கடன் அழிந்தால் அநியாயம் அவர்களுக்கு. இது எனக்கு உடனே விளங்கவில்லை. 12,500 ரூபா பாக்கி என்று கணனி காட்டியதை நம்பி, கடையில் நாலு பேர் நிற்க ஒருவரிடம் கேட்டுவிட்டேன். "நானா, சம்பளத்தன்னைக்கே கட்டிட்டேனே" என்றார். கணனியைக் காட்டினேன். பேசாமல் போய்விட்டார். மறுநாள் அவருடைய மனைவி அரிசி டின்னுக்குள் பத்திரப்படுத்தியிருந்த துண்டு ரசீதைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். அதில் என் கையெழுத்தே இருந்தது. அன்று மாலை லயத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு, கட்டிவிட்டோம் என்று சொன்ன எவரிடமும் ரசீது கேட்கவில்லை. ஒரு வயதான அம்மா தானாகவே வந்து, "எங்கிட்ட 3,400 வரணும், உங்க மெசின்ல இருக்கோ இல்லையோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீளமானது. எழுதினால் மட்டும் கடமை முடியாது, எழுதியது இருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் அடங்கும் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

மௌனம் நல்ல செய்தி அல்ல

பட்டிப்பொல இலங்கையிலேயே உயரமான புகையிரத நிலையம். கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர். மலைநாட்டு ஒற்றைத் தண்டவாளத்தில் தலைமுறைகளாகக் கைக்கொள்ளப்பட்டு வந்த டெப்லட் முறையை நம்மில் பலர் கண்டிருப்போம். சாரதி ஒரு வளையத்தை வாங்கிக்கொண்டுதான் அடுத்த நிலையத்துக்குப் புறப்படுவார். அடுத்தடுத்த இரு நிலையங்களின் கருவிகளும் கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு டெப்லட் வெளியே இருக்கும்போது இன்னொன்றை எடுக்க முடியாது. கம்பி அறுந்தால் டெப்லட்டே வெளிவராது, ரயிலும் புறப்படாது. அதாவது மறுபக்கத்திலிருந்து செய்தி வரவில்லை என்றால் அதை ஆபத்து என்றே அந்த முறை எடுத்துக்கொள்ளும்.

என் கடையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. செய்தி வராததை நான் நலம் என்று எடுத்துக்கொண்டேன். மென்பொருள் சேவைகளைக் கண்காணிப்பதில் முதல் பாடம் இதுதான். "பிழை வந்தால் அறிவிக்கும்" என்ற ஏற்பாடு போதாது, ஏனெனில் அறிவிக்க வேண்டியதே செத்துக் கிடக்கலாம். "கடைசியாகச் சரியாக நடந்தது எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். அந்த நேரம் பழையதாகிவிட்டால் அதுவே அபாய அறிவிப்பு.

பார்க்க வேண்டிய நான்கு

2016இல் கூகுள் பொறியியலாளர்கள் வெளியிட்ட நூலொன்றில், ஒரு சேவையின் ஆரோக்கியத்தை அறிய நான்கு அடையாளங்களைச் சொன்னார்கள். அவற்றைக் கடைப் பாஷையில் சொல்கிறேன்.

ஒன்று, தாமதம்: ஒரு பில் போட எத்தனை விநாடி? இரண்டு, வரத்து: மணிக்கு எத்தனை பில்? வழக்கமாக நெரிசலான நேரத்தில் பூச்சியம் என்றால் ஆட்கள் வரவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். மூன்று, பிழை: நூற்றில் எத்தனை பில் தவறுகிறது, எத்தனை கார்ட் கொடுப்பனவு திரும்புகிறது? நான்கு, நிரம்பல்: டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம், அனுப்பப்படாமல் காத்திருக்கும் பில்கள் எத்தனை? நான்காவதை நான் ஒரு நாள் பார்த்திருந்தாலே தப்பியிருப்பேன்.

இங்கே சராசரிக் கணக்கிலும் ஏமாறக் கூடாது. 100 பில்களில் 95 பில் 2 விநாடியில் முடிகிறது, 5 பில் ஒரு நிமிடம் எடுக்கிறது என்று வையுங்கள். சராசரி 5 விநாடிக்கும் குறைவு; கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஐந்து பேர் மழையில் நனைந்துகொண்டு ஒரு நிமிடம் நின்றிருக்கிறார்கள். ஆக மோசமான ஐந்து எப்படி என்று கேளுங்கள்.

காவல்காரன் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் சுமார் ஆறு மணித்தியாலம் நின்றுபோனது நினைவிருக்கும். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களது உலகளாவிய வலையமைப்பையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் ஒரு குறை இருந்ததால் அது தடுக்கவில்லை. பிழையைத் தேடித் திருத்தும் உள்ளகக் கருவிகளும் அதே வலையமைப்பையே நம்பியிருந்ததால் அவையும் முடங்கின. வீடு எரியும்போது மணியும் சேர்ந்து எரிந்த கதை. இதிலிருந்து நமக்கு: கடைக் கணனி நலமா என்று கடைக் கணனியிடமே கேட்காதீர்கள். கடையின் இணைப்பில் இல்லாத இன்னொரு தொலைபேசியிலிருந்து பாருங்கள்.

நம் நாட்டிலும் ஒரு படிப்பினை உண்டு. 2023 ஓகஸ்ட்டில் லங்கா அரச கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குரிய, இணைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி இல்லாததே காரணம். பெரிய அரச கட்டமைப்புக்கே இது நடந்தது என்றால், ஒற்றைக் கணனிக் கடையின் நிலை என்ன? பிரதி எடுத்தேன் என்பது போதாது. அதைத் திறந்து பார்த்தேன் என்று சொல்ல முடிய வேண்டும்.

நான் இப்போது செய்பவை

சுபஹுக்குப் பிறகு கடை திறந்ததும் "சோதனை" என்ற பெயரில் ஒரு ரூபாவுக்கு ஒரு பில் போடுகிறேன். அது சேர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று என் கைத்தொலைபேசியில், வேறு இணைப்பில் பார்க்கிறேன். பிறகு அந்தப் பில்லை இரத்துச் செய்கிறேன். எல்லாம் ஐந்து நிமிடம். குவியலுக்குள் கை விடுவது இதுதான்.

மாதத்தில் ஒரு நாள் பிரதியை மகனின் கணனியில் திறந்து, மூன்று வாடிக்கையாளரின் பாக்கியை ஒப்பிடுகிறேன். பிரதி இருக்கும் டிஸ்க் கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. கடன்காரர் ஒவ்வொருவர் கையிலும் மீண்டும் ஒரு சிறு கொப்பி இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது மின்சாரமும் தொலைபேசியும் பாதைகளும் எப்படித் துண்டிக்கப்பட்டன என்று கண்டவர்களுக்கு அந்தக் கொப்பியின் பெறுமதி தெரியும்.

கைத்தொலைபேசிக்கு வரும் அறிவிப்புகளை மூன்றாகக் குறைத்திருக்கிறேன்: இரண்டு மணித்தியாலமாகப் பில் போய்ச் சேரவில்லை, டிஸ்க் நிரம்பப் போகிறது, இரவுப் பிரதி எடுபடவில்லை. எதற்கெடுத்தாலும் குரைக்கும் நாயை வீட்டார் கவனிப்பதில்லை. வந்தால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டிய அறிவிப்பு மட்டும் வரட்டும்.

மென்பொருள் வாங்குமுன் கேளுங்கள்

"99 சதவீதம் இயங்கும்" என்பார்கள். வருடத்தில் ஒரு சதவீதம் என்றால் 3 நாள் 15 மணித்தியாலம். 99.9 என்றால் சுமார் 8 மணி 45 நிமிடம். 99.99 என்றால் சுமார் 52 நிமிடம். அந்த 3 நாட்களில் ஒன்று தோட்டத்துச் சம்பள நாளாக இருக்கலாம். ஆகவே எண்ணோடு நிற்காமல் இவற்றையும் கேளுங்கள்: எந்த நேரத்தில் நிறுத்துவீர்கள்? நின்றால் எனக்கு யார், எப்படி அறிவிப்பார்? பச்சை விளக்கு எதைப் பார்த்து எரிகிறது? கடைசிப் பில் போய்ச் சேர்ந்த நேரத்தைத் திரையில் காட்டுவீர்களா?

மென்பொருள் விற்கும் நமது இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சேவையில் கோளாறு ஏற்படுவது குற்றமல்ல. மழை எல்லோருடைய தானியத்திலும் விழும். நனைந்ததை உள்ளே தள்ளி மேலே பச்சை விளக்கை வைப்பதுதான் குற்றம். ஈரத்தை மேலே வையுங்கள், வாங்குபவர் பார்த்துக்கொள்ளட்டும்.

நாளைக் காலை முதல் வாடிக்கையாளர் வருமுன் அந்த ஒரு ரூபாப் பில்லைப் போட்டுப் பாருங்கள். அது போய்ச் சேரவில்லை என்றால், ஒரு மனிதரை நாலு பேர் முன்னிலையில் தலைகுனிய வைக்குமுன் உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அல்லாஹ்வைப் புகழுங்கள். அவன் நமது கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக.